தோலும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் புகையிலையும் நம் நினைவுக்கு வரும். தோல் பதனிடும் தொழிலுக்கும் அவ்வூர் பெயர் பெற்றது. பதனிடாத தோலை நீரில் நெடுநேரம் கொதிக்க வைத்தால், அது கரைந்து வச்சிரப் பசையாகிவிடும். உறுதியான தோல் பசையாவது ஏன்? மாணவ நேயர்களே, இந்த எளிய கேள்வியின் வழியே இன்று இரசாயன நூலின் நுட்பமான ஒரு பகுதிக்குள் புகுவோம்.

தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலிமை தருவது கொல்லாஜன் என்னும் புரதம். புரதங்கள் யாவும் அமினோ அமிலங்களாகிய மணிகளைக் கோத்த மாலைகளே. உயிரணு வழக்கமாகக் கோக்கும் மணிகள் 20 வகை. அவற்றுள் சேராத ஒரு மணியும் கொல்லாஜனில் உண்டு. அதுவே ஹைட்ராக்ஸிபுரோலின். ஜெர்மானிய அறிஞர் எமில் ஃபிஷர் 1902-இல் அதனை ஜெலட்டினிலிருந்து பிரித்தெடுத்தார். 1905-இல் ஹெர்மன் லாய்க்ஸ் அதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவே ஆக்கினார்.

புரோலின் என்ற சாதாரண மணிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை ஒரே ஓர் ஆக்ஸிஜன் அணுதான். மாலையைக் கோத்த பின்னரே உயிரணு அந்த அணுவைச் சேர்க்கிறது. அதற்கு வைட்டமின் ‘சி’ வேண்டும். அது கிட்டாதபோது ஈறுகளில் இரத்தம் கசியும், புண் ஆறாது. இதுவே ஸ்கர்வி நோய். நெல்லிக்கனியின் அருமை இதனால் விளங்கும்.

அந்த ஓர் அணு செய்யும் பணி யாது? இதனை அறியக் கொல்லாஜனின் வடிவம் தெரிய வேண்டும். சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் அவ்வடிவத்தை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக் கிடக்கின்றன என்றனர். சூடேறினால் புரிகள் பிரிந்துவிடும்; தோல் பசையாவதன் இரகசியம் இதுவே.

1973-இல் ஜப்பானில் சகாகிபாராவும் அவருடைய குழுவினரும் ஹைட்ராக்ஸிபுரோலின் கொண்ட சிறு சங்கிலிகளைச் செயற்கையாகக் கோத்து, கயிற்றுக்கு உறுதி தருவது அம்மணியே என்று காட்டினர். எவ்வாறு தருகிறது? ஆக்ஸிஜன் அணு நீர் மூலக்கூறுகளைப் பற்றிப் புரிகளுக்கிடையே பாலம் அமைக்கிறது என்று இராமச்சந்திரனும் அவருடைய கூட்டாளிகளும் அதே ஆண்டில் விளக்கம் தந்தனர்.

இந்த விளக்கத்தை எவ்வாறு சோதிப்பது? இயற்கையில் இல்லாத மணி ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் ரொனால்டு ரெயின்ஸ் குழுவினர் ஆக்ஸிஜன் இருந்த இடத்தில் ஃப்ளோரின் அணுவைக் கொண்ட புரோலினைப் பயன்படுத்தினர். இத்தகைய மணியை ஆக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. ஹைட்ராக்ஸில் தொகுதியை நீக்கி ஃப்ளோரினை ஏற்றும்போது, அது வளையத்தின் எதிர்ப்புறமாக வந்து அமர்கிறது. ஆகவே முதலில் ஹைட்ராக்ஸிலை மறுபுறம் இருக்கச் செய்து, அதன் பின்னரே மாற்ற வேண்டும். இல்லையேல் இடக்கைச் செருப்பை வலக்காலில் மாட்டியது போலாகும்!

ஃப்ளோரின் நீர்ப் பாலம் அமைப்பதில் மிக வலுவற்றது. நீர்ப் பாலமே காரணமாயின், புதிய கயிறு எளிதில் பிரிய வேண்டும். 1998-இல் வெளிவந்த முடிவு நேர்மாறானது. புரோலின் மட்டும் உள்ள கயிறு 41 டிகிரி சென்டிகிரேடில் பிரிந்தது. ஹைட்ராக்ஸிபுரோலின் சேர்ந்தது 69 டிகிரியில். ஃப்ளோரின் ஏற்றதோ 91 டிகிரி வரை தாங்கியது! ஃப்ளோரினும் ஆக்ஸிஜனும் எலக்ட்ரான்களைத் தம்பால் ஈர்ப்பவை. அந்த ஈர்ப்பினால் புரோலின் வளையம் கயிற்றின் முறுக்குக்கு ஏற்றவாறு முன்னதாகவே வளைந்து நிற்கிறது. உறுதிக்கு முதன்மையான காரணம் அதுவே என்று தெளிந்தனர்.

இதனால் இராமச்சந்திரனின் பெருமை குறைந்ததா? இல்லை. அவர் கண்ட முப்புரிக் கயிறு நிலைத்து நிற்கிறது. அவருடைய விளக்கம் சோதித்துப் பார்க்கத்தக்க தெளிவோடு இருந்தமையால்தான் அதைத் திருத்தவும் இயன்றது. இயற்கையைக் கூர்ந்து நோக்குவது அறிவின் ஒரு கண். இயற்கையில் இல்லாததை ஆக்கி, அதனைக் கொண்டு இயற்கையையே வினவுவது மற்றொரு கண். இவ்விரண்டையும் பெற முயல்வது மாணவர்களாகிய உங்கள் கடமை.