கித்தானில் ஏறிய கப்பல் நமக்கும் சாட்சி

பழைய ஆங்கிலக் கடல் ஓவியங்களைத் தேடிச் சேர்ப்பது பயனுள்ள வேலையா, பணக்காரர்களின் வீண் ஆடம்பரமா என்பது இன்றைய வழக்கு. பயனுள்ள வேலையே என்று வாதிட வந்திருக்கிறேன். நம் தெலுக் பங்லிமா காராங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கிள்ளான் துறைமுகம் 1901-ல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதன் பிறகு நம்மவரை ஏற்றி வந்த கப்பல்களுக்கு நிழற்படம் உண்டு. ரஜூலா கப்பலை இன்றும் படத்தில் பார்க்கிறோம். அதற்கு முந்திய காலத்துக்கு என்ன செய்வது? பினாங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது 1786-ல். நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். இடையில் 53 ஆண்டுகள். அந்தக் காலத்தில் வங்கக் கடலில் ஓடிய பாய்மரக் கப்பல்களைக் கண்ணால் காண, தூரிகையைவிட்டால் நமக்கு வேறு வழி மிகக் குறைவு.

ஓவியன் கற்பனையில் தீட்டியதை எப்படிச் சாட்சியாக ஏற்பது என்று எதிரணி கேட்கும். யார் காசு கொடுத்து வரையச் சொன்னார்கள் என்று பாருங்கள். கப்பல் முதலாளியும் கேப்டனும்தான் வாடிக்கையாளர்கள். ஒரு கயிறு இடம் மாறினாலும் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் 18-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் பலர் ஒரே கப்பலை ஒரே கித்தானில் பக்கவாட்டிலும் பின்புறத்திலுமாக இரண்டு மூன்று கோணங்களில் வரைந்து காட்டினார்கள். நிக்கலஸ் போக்காக் ஓவியராவதற்கு முன் கேப்டனாகவே கப்பல் ஓட்டியவர். இன்னொரு பக்கமும் உண்டு, மறைக்கவில்லை: சாமுவேல் ஸ்காட்டும் ஜார்ஜ் லாம்பர்ட்டும் 1730-களின் தொடக்கத்தில் கம்பெனியின் லண்டன் தலைமையகத்துக்காக சென்னைக் கோட்டையை வரைந்தார்கள். இருவருமே இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனால் ஸ்காட் தேம்ஸ் நதிக்கரையில் கப்பல்களை நேரில் பார்த்து வரைந்தவர். ஆக, அந்தப் படத்தில் கப்பல் கண்ட சாட்சி, கரை கேட்ட சாட்சி. இப்படிப் பிரித்துப் பார்க்கும் கண் சேர்த்துச் சேர்த்தே வரும். பினாங்கில் கம்பெனியின் பொறியாளராக இருந்த கேப்டன் ராபர்ட் ஸ்மித்தின் கதை வேறு. அவர் அங்கேயே இருந்து தீட்டினார். அவர் வரைந்த காட்சிகளை வில்லியம் தானியல் 1821-ல் அச்சுப்படங்களாக்கினார்.

அடுத்த மறுப்புதான் கனமானது. வெள்ளைக்காரன் தன் பெருமைக்கு வரைந்தான். நம்மை அடிமைப்படுத்திய கப்பலை நாமே மாட்டி வைத்து ரசிப்பதா? இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சென்னைக் கடற்கரைப் படங்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். துறைமுகம் கட்டப்படாத அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் அலை தாண்டின. ஓர் ஆணிகூட இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. மணலில் மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். வேடிக்கைக்காக ஓரத்தில் அவர்கள் வரைந்து வைத்தது நம் கரையோரத் தொழிலாளியின் கைவேலைக்கு ஆவணமாகிவிட்டது. மேலும், எல்லா ஆங்கில ஓவியனும் துதி பாடவில்லை. சங்கிலியோடு கடலில் வீசப்பட்ட அடிமைகளை டர்னர் 1840-ல் லண்டன் மக்கள் பார்க்க வைத்தார். பாஸ்டனில் இருக்கும் அந்தப் படம் இன்றும் ஒரு குற்றச்சாட்டு.

போலிகள் மலிந்த சந்தை என்பார்கள். உண்மை. அதற்குச் சோதனையும் உண்டு. காலத்தால் விழுந்த வெடிப்புக் கோட்டுக்குள் கையெழுத்தின் மை இறங்கியிருந்தால், அது பின்னாளில் போட்டது என்று சந்தேகிக்கலாம். புற ஊதா விளக்கைக் காட்டினால் பழைய வார்னிஷ் பச்சையாய் ஒளிரும். புதிதாய்ப் பூசிய இடம் கறுத்துத் தெரியும். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதும் சரிதான். வெளிச்சுவரில் மாட்டாமல், பின்னால் காற்றோட்டம் விட்டு வைத்தால் பெருமளவு தடுக்கலாம். விலை? புகழ்பெற்ற பெயர்களுக்கு ஆகும் பணம் கையொப்பமில்லாத சிறு படங்களுக்கு ஆகாது. கப்பலைப் பற்றிச் சொல்வதில் அவையும் குறைந்தவையல்ல.

எதிரணியிடம் ஒன்றே கேட்கிறேன். நாம் வாங்கவில்லை என்பதற்காக இந்தப் படங்கள் ஏலத்துக்கு வராமல் நின்றுவிடப் போவதில்லை. யாரோ வாங்கி, சோபாவுக்கு மேலே அழகுக்கு மாட்டிவிட்டுப் போவார்கள். அந்த மசூலாப் படகில் துடுப்புப் போடுபவன் எந்தக் குப்பத்தான் என்று அந்த வீட்டில் யார் கேட்பார்கள்?