கைவழி வளரும் இசை



தகடூர் எனப் பழம்பெயர் பூண்ட தருமபுரி மண், தண்ணுமையின் ஒலியோடு புறநானூற்றில் இடம்பெற்ற மண்ணாகும். மன்றத்தில் தொங்கிய தண்ணுமையில் காற்று மோத எழுந்த ஒலியைக் கேட்டே, போர் வந்ததெனக் கிளர்ந்தெழுபவன் அதியமான் என்று ஔவையார் பாடினார். இன்றோ அம்மண்ணின் சிற்றூர்ப் பள்ளியில் பயிலும் ஐந்து அகவைக் குழந்தைக்கு ஒரு தண்ணுமையைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் அரிதாயிற்று. 2012-ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளுக்கு அமர்த்தப்பெற்ற பகுதிநேரச் சிறப்பாசிரியர்களும் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கே உரியவராயினர். செவி கூர்மை பெறும் இளம்பருவம் வீணே கழிகின்றது.

2007-08-ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் செயல்வழிக் கற்றல் பரவியது. எழுத்தும் எண்ணும் அட்டைகளாகவும் மணிகளாகவும் குழந்தையின் கைக்கு வந்தன. இசைக்கு மட்டும் அவ்வழி ஏன் அடைபட வேண்டும்?

அரூரை அடுத்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் இயங்கும் ‘துளிர்’ கற்றல் நடுவம், மலைவாழ் குழந்தைகளின் கல்வியைக் கைப்பணியோடு இணைத்தது. மூங்கிலை அறுத்துப் பொருள் செய்யும் கை, அதே மூங்கிலைக் குழலாக்கவும் வல்லதன்றோ? ஒரு முனை அடைத்த குழாய்களை நீளங் குறைத்து அடுக்கி ஊதினால், குழாய் குறுகக் குறுகக் குரல் உயர்வதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். பூவரச இலையைச் சுருட்டி, நுனியை நசுக்கி ஊதும் பீப்பியே நாகசுரத்துச் சீவாளியின் முதற்பாடம். பறையைத் தீயில் காய்ச்சுங்கால் தோல் இறுகுவதும் ஒலி உயர்வதும் கண்ணெதிரே நிகழும் அறிவியல்.

அப்பறையைத் தீண்டுவது இழிவென்று சொல்லிவைத்த கொடுமை இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஊர்க் குழந்தைகளும் சேரிக் குழந்தைகளும் ஒரே பறையை மாறிமாறி முழக்கும் வகுப்பறையில் அவ்விழிவு வேரற்றுப் போகும். நூறு மேடைப் பேச்சுகள் செய்யாததை அந்த ஒரு பறை செய்யும்.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி, எழுவர் மகளிரை வட்டமாக நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என அவர்களுக்கே இசைப்பெயர் இட்டாள். ஆங்கே ஏட்டுப் பாடம் இல்லை. ஆடுமகளே இசையாகி நின்றாள். இன்றைய பள்ளி முற்றத்திலும் பன்னிரு கட்டங்களை வட்டமாக வரைந்து, முதல், மூன்று, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பதினொன்று ஆகிய கட்டங்களில் ஏழு குழந்தைகளை நிறுத்தி, கட்டத்திற்குரிய ஒலியைப் பாடச் செய்க, செம்பாலை பிறக்கும். அவர்கள் நின்ற இடம் மாறாமல், துத்தமாய் நின்ற குழந்தையைக் குரலாக்கிப் பாடுக, படுமலைப்பாலை பிறக்கும். பெரியோரும் கடினமென்று அஞ்சும் பண்ணுப்பெயர்ப்பு, குழந்தைக்கு ஒரு விளையாட்டாகி விடும்.

அங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்தான் கோடாய் (1882–1967), குழந்தையின் இசைக்கல்வி தாய்மொழி நாட்டுப்பாடலினின்றே தொடங்க வேண்டுமென வலியுறுத்தினார். இசையொலிகளுக்குக் கைக்குறிகளையும் பள்ளிகளிற் பயன்படச் செய்தார். அங்கேரியர் தம் நாட்டுப்பாடலைப் பள்ளிக்குள் அழைத்தனர். தமிழரோ பொருள் விளங்காத அயன்மொழிப் பாட்டை மழலைக்கு ஊட்டிவிட்டு, தாலாட்டையும் நடவுப்பாட்டையும் கூத்துப்பாட்டையும் வாயிலிலேயே நிறுத்தினர்.

தருமபுரிச் சிற்றூர்களில் தெருக்கூத்து இன்னும் உயிர்த்திருக்கின்றது. மத்தளமும் முகவீணையும் அறிந்த கலைஞர்கள் பள்ளிக்கு அருகிலேயே வாழ்கின்றனர். கிழமைக்கு ஒரு நாளேனும் அவர்களை ஆசிரியர்களாக மதித்து அழைத்து, உரிய ஊதியமும் தருதல் வேண்டும். அவர்தம் கை ஓய்ந்தபின் கருவியைத் தேடிப் பயனில்லை.

பெற்றோரே, ஆசிரியரே! குழந்தையின் கையில் முதலில் கருவியைக் கொடுங்கள். இலக்கணம் பின்னர் வரட்டும். காற்று மோதி ஒலித்த தகடூர்த் தண்ணுமை, இனி அம்மண்ணின் குழந்தைகள் கை மோதி ஒலிக்கட்டும்!