சிறுதொழிலாளருக்கு வாய்த்த பேராசிரியர்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உபந்நியாசம்)



வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் தொழிலை அண்டி ஜீவிக்கும் குடும்பங்கள் அநேகம். ஆயினும் நம் வாலிபர்களிற் சிலர், பட்டம் பெற்றதும் அத்தொழிலை விட்டு விலகுவதே பெருமையென்று எண்ணுகின்றனர். கல்வி வேறு, கைத்தொழில் வேறு என்னும் இக்கொள்கை பிழையென்பதைக் காட்டவே, ஸர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பேராசிரியரின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டேன்.

1866இல் பிறந்த இவ்வாங்கிலேயர், 1888இல் சென்னை இன்ஜினீயரிங் கலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்தார். பாடஞ் சொல்வதோடு அவர் நின்றாரில்லை. 1898இல் சென்னைக் கைத்தொழிற் பாடசாலையில் அலுமினியப் பாத்திரங்கள் செய்வித்தார். கிணற்று நீரை இறைக்க எண்ணெய் இயந்திரத்தையும், சேலத்தில் நெசவுத் தறியையும் பரீட்சித்தார். அவர் கவனம் தோலின்மீதும் சென்றது.

அக்காலத்தில் நம்மவர் ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிட்டனர். அதற்கு வாரக்கணக்கில் நாட்கள் செல்லும். அவ்விதம் பதனிட்ட தோல் ஓயாது நீரில் நனைந்தால் விரைவிற் கெடும். குரோம் முறையில் பதனிட்டதோ நீரைத் தாங்கும். ஆகவே, 1903இல் பரீட்சையைத் தொடங்கிய சாட்டர்டன், அதனைக் குடியானவனுடைய கவலைச் சாலுக்கு ஏற்றதாக்க முயன்றார். புதுமையைக் கண்டு வியக்கச் செய்வதன்று அவர் நோக்கம். ஏழையின் அன்றாடச் செலவு குறைய வேண்டுமென்பதே. தொழிலுக்கு ஆலோசனை கூறுவோர்க்கு இதுவே முதற்பாடம்.

சர்க்கார் வியாபாரத்திற் புகலாகாதென்று சென்னை ஐரோப்பிய வர்த்தகர்கள் முறையிட்டனர். இந்தியா மந்திரி மார்லி பிரபுவும் 1910இல் அவ்வாறே தீர்ப்புச் செய்தார். சர்க்காரின் தோற்சாலை கைவிடப்பட்டது. சாட்டர்டன் மனந்தளரவில்லை. 1912இல் மைசூருக்குச் சென்று கைத்தொழில் இலாகாவை நடத்தினார். 1916இல் அமைந்த இந்தியக் கைத்தொழிற் கமிஷனில் அங்கத்தினருமானார். கைத்தொழிலை வளர்ப்பதில் சர்க்காரும் முனைந்து ஈடுபட வேண்டுமென்று அக்கமிஷன் 1918இல் கூறிற்று.

அன்பர்களே, இச்சரித்திரத்திற்கு மறுபக்கமும் உண்டு. குரோம் முறை பெருகியபின் அதன் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, இந்த ஜில்லாவின் தோற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவுநீரைச் சுத்தி செய்ய ஏற்பாடு செய்யாத சாலைகளை மூடவும் உத்தரவிட்டது. சிறு முதலாளி தனித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுதல் அரிது. பலர் கூடிப் பொது நிலையம் அமைத்தே பிழைத்தனர். லாபத்திற்கான வித்தையை மாத்திரம் கற்று, அதன் தீங்கை நீக்கும் வித்தையைக் கற்காதவன் பாதிக் கல்வியே பெற்றவன்.

ஆதலின் நான் வேண்டுவது இதுவே. தொழிலுள்ள குடும்பத்தில் ஒரு பிள்ளையோ பெண்ணோ இரசாயனமும் கணக்கும் கற்று, அத்தொழிலுக்கே திரும்பி வரட்டும். கடன்பட்டு இயந்திரம் வாங்குமுன் அறிந்தோரை வினவுங்கள். சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. கற்றவன் தோற்சாலைக்குள் நுழைய வெட்கப்படாமலும், தொழிலாளி கற்றவனிடம் கேட்கக் கூச்சப்படாமலும் இருப்பின், தொழிலும் ஆறும் ஒருங்கே பிழைக்கும்.