செம்மண் லோடில் வந்த கல்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

தோட்டத்துக்குச் செம்மண் இறக்கிய நாளிலிருந்து நம் குடியிருப்பில் அந்தக் கல்லைப் பற்றித்தான் பேச்சு. முழங்கை நீளம், மேலே மரப்பட்டை போல வரிகள், பிளவுக்குள் கற்கண்டு பதித்தாற்போல மினுமினுப்பு. விண்கல் என்கிறார் ஒருவர். லட்சக்கணக்கில் போகும் என்கிறார் இன்னொருவர். உடைத்துப் பார்க்கச் சுத்தியலும் வந்துவிட்டது. தயவுசெய்து உடைக்காதீர்கள்.

அது கல்மரம் என்றே நினைக்கிறேன். காந்தம் ஒட்டவில்லை, விண்கற்களில் பெரும்பாலானவை இரும்பு கலந்தவை, ஒட்டும். வினிகர் விட்டால் நுரைக்கவில்லை, ஆகவே சுண்ணாம்புக்கல் இல்லை. கத்தியால் கீறினால் கல்லில் கீறல் விழாமல், கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாகப் படிகிறது. எஃகைவிடக் கடினமான சிலிக்காவின் குணம் அது. வெட்டு முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், மரத்தின் நுண்துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக இருக்காது. அதனால் வளையம் இல்லையே என்று தள்ளிவிட வேண்டாம்.

ஆற்று மணலில் சட்டெனப் புதைந்த மரம் காற்றுப் படாமல் மக்காது கிடக்கும். நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா அதன் நுண்ணறைகளில் மெல்ல மெல்லப் படியும். இடைவெளி பெரிதாக இருந்தால் அங்கே குவார்ட்ஸ் படிகமாக வளரும். அதுதான் உங்கள் கற்கண்டு! சிவப்பு, இரும்பு ஆக்சைடு தந்த நிறம்.

நம் கேப்பர் மலையில் காணும் மணற்கல்லுக்குப் புவியியலில் கடலூர் மணற்கல் என்றே பெயர். இதே படிவில்தான் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை கல்மரங்களும் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு. வக்கராசுரனின் எலும்புகள் என்பது ஊர் நம்பிக்கை. 1781இல் சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பதிவு செய்தார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே தேசியக் கல்மரப் பூங்கா அமைத்தது. போனால் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு சில்லுகூட எடுத்து வரக் கூடாது.

பிள்ளைகள் காட்டிய இன்னொரு தட்டைக் கல்லில் உள்ள கறுப்புப் பெரணி இலை, இலையே அல்ல. விரிசலில் கசிந்த மாங்கனீசு ஆக்சைடு கிளைவிட்டுப் படிந்தது. டெண்ட்ரைட் என்பார்கள். தேர்ந்தவர்களே முதல் பார்வையில் ஏமாறுவார்கள்.

வங்கியில் முகவரிச் சான்று இல்லாமல் கணக்குத் திறக்க மாட்டோம். கல்லுக்கும் முகவரி வேண்டும். எந்த இடத்து மண், எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று லாரிக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அது தெரியாவிட்டால் ஆராய்ச்சிக்குப் பெரிதாக உதவாது, அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

கல் இப்போது சங்க அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் சிதம்பரம் போகும்போது, அண்ணாமலைப் பல்கலைக்கழகப் புவியியல் துறையில் காட்டலாம் என்றிருக்கிறேன். கூட வர விரும்பும் பிள்ளைகள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.