பெயர் எழுதப்படாத உபயங்கள்



நம் தொடக்கப் பள்ளியின் இந்த ஆண்டு விழாவில் சற்று முன்பு தலைமையாசிரியை அவர்கள் வாசித்த ஆண்டறிக்கையை நான் மிகுந்த சிரத்தையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் ஜூன் மாதம் முதல் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதும், மழைக்காலந்தோறும் ஒழுகிக்கொண்டிருந்த வடக்கு வகுப்பறை இவ்வருஷம் ஒழுகவில்லை என்பதும், புதிதாக வந்த கதைப் புத்தகங்கள் பூட்டிய பீரோவுக்குள் தூங்காமல் குழந்தைகளின் கைபட்டு ஓரம் மடங்கிக் கிடக்கின்றன என்பதும் வெளியுலகுக்குச் சின்னஞ்சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சிறிய கிராமத்தின் ஒரு வருஷ வாழ்வில் இவற்றினும் பெரிய செய்திகள் யாவை என்று எண்ணிப் பார்க்கிறேன், எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அறிக்கையின் இறுதியில் நன்கொடையாளர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது நாம் அனைவரும் கரகோஷம் செய்தோம். அது தக்க மரியாதையே. தானத்தைக் கல்லிலே வெட்டி வைக்கும் பழைய வழக்கம் கோயிற் சுவரிலிருந்து இறங்கி, இன்று பள்ளியின் மின்விசிறி இறக்கையிலும், குழல் விளக்கின் பட்டையிலும், இரும்புப் பீரோவின் கதவிலும் ‘உபயம்: இன்னார்’ என்று எழுதப்பட்டு நிற்கிறது. அதை நான் குறைகூற வரவில்லை. பெயரைக் கண்டு இன்னொருவருக்கும் கொடுக்கும் எண்ணம் பிறக்குமாயின் அந்தப் பெயர் அங்கே இருக்கவேண்டியதுதான். ஆயினும், பொருளாகக் கொடாமல் நேரமாகவும் உடலுழைப்பாகவும் கொடுத்தவர்களின் பெயரை எழுத மின்விசிறியில் இடமில்லை. ஆண்டறிக்கையிலேனும் இருக்கவேண்டும் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்க வந்த விண்ணப்பம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் ஊரில் இருக்கிறார். பெயர் சொன்னால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார் என்பதால் சொல்லவில்லை. அவர் வாரந்தோறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார வைத்து, அதையே பேருந்தாக்கி, தம்முடைய பழைய தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு பிள்ளை இருபது ரூபாயை நீட்டி, பதினான்கு ரூபாய் டிக்கெட் கேட்கிறது. மீதி எவ்வளவு என்று அவர் சொல்லமாட்டார். பக்கத்து ஆசனத்துப் பயணிதான் சொல்லவேண்டும். இரண்டு பேருக்கு டிக்கெட் என்றால் என்ன, ஒருவருக்கு அரை டிக்கெட் என்றால் என்ன, சில்லறை இல்லையென்றால் எப்படிச் சரிக்கட்டுவது என்று கணக்கு வளர்ந்துகொண்டே போகும். கரும்பலகையில் கழித்தலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு சிறுமி, தனக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கொடுக்கப்பட்டதென்று அந்தப் பேருந்தில் எழுந்து நின்று வழக்காடியதை நான் என் கண்ணாலே கண்டேன். முப்பதாண்டுக் காலம் ஓடும் வண்டியில் நின்றபடியே கணக்குப் போட்ட ஒரு மனிதரிடம் எத்தகைய வித்தை இருக்கிறது என்பதை, அவர் பள்ளி வாசலுக்குள் வரும்வரை இந்த ஊர் அறிந்திருக்கவில்லை.

கழிவறையின் தரையிலே தண்ணீர் தேங்கி நின்றதனால் பெண் குழந்தைகள் அங்கே போகவே தயங்கியதைக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமாகவே கரணையும் மட்டப்பலகையுமாக வந்து, வாட்டத்தைச் சரிசெய்து தந்த கொத்தனாரையும் இவ்விடத்தில் நினைக்கிறேன். சிமெண்டுக்கு ஆன செலவு அறிக்கையில் வந்துவிட்டது. அவருடைய ஒருநாட் கூலி வரவில்லை.

சிறிய பள்ளிக்கு இத்தகைய கைகள் ஏன் அத்தியாவசியமாகின்றன என்பதைச் சற்று விளக்குவது அவசியம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஆகவே இருவரும் பள்ளியில் இருக்கும் நாளிலேயே ஒருவர் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளை ஒரே அறையில் ஒருங்கே நடத்தியாக வேண்டும். ஒருவர் பயிற்சிக்கென்றோ அலுவல் நிமித்தமோ வெளியே செல்ல நேர்ந்தால், மற்றவர் ஐந்து வகுப்புகளுக்கும் நடுவில் நின்று, முதல் வகுப்புக் குழந்தை அழுகிறதா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பெரிய பள்ளியில் ஒருவருடைய உதவி கூட்டத்தோடு கரைந்துவிடும். சிறிய பள்ளியிலோ, ஒருவர் தரும் ஒரு மணி நேரத்தை மறுநாளே குழந்தையின் வாசிப்பில் காணலாம்.

ஊரார் பள்ளிக்குக் கைகொடுப்பது நமக்குப் புதிய தர்மமும் அன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920ஆம் ஆண்டிலேயே, பிட்டி தியாகராயர் காலத்தில், பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கத் தொடங்கினார்கள். பின்னர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் அத்தகைய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கிய வரலாற்றை நாம் பெரும்பாலும் அரசாங்கத்தின் வரலாறாகவே சொல்லி வருகிறோம். உண்மையில் அது முதலில் ஜனங்களின் வரலாறு. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலேயே நெல்லை அளந்து கொடுத்த உழவர்களும், அடுப்பேற்றும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைத்துச் சேர்த்தளித்த இல்லத்தரசிகளும், விறகும் காய்கறியும் கொண்டுவந்து சேர்த்தவர்களும் ஊரூராக அந்தப் பந்தியை நடத்திக் காட்டிய பிறகுதான், செலவில் பத்துக்கு ஆறு பங்கு அரசு ஏற்பது என்றும் எஞ்சியதை ஊரார் ஏற்பது என்றும் ஏற்பாடு உறுதிப்பட்டது. அக்காலத்தில் கல்வித்துறையின் இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள், உணவோடு நில்லாமல், 1958 முதற்கொண்டு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் கூட்டுவித்தார். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், சீருடை, கட்டிடத்துக்கு மனை என்று தத்தம் பள்ளிக்கு வேண்டியதை ஊரார் தாமே பட்டியலிட்டு, தாமே திரட்டி, மாநாட்டுப் பந்தலிலே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். பள்ளிக்கூடம் சர்க்காருடையது என்று எண்ணிக்கொண்டிருந்த ஜனங்கள், அது தங்களுடையது என்று உணர்ந்ததே அம்மாநாடுகளின் மெய்யான பிரயோஜனம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. மதிய உணவை முழுவதும் அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் யாவற்றுக்கும் விரிந்து, நம் பிள்ளைகளின் காலைப் பசியைப் போக்கியிருக்கிறது. இவ்வளவும் அரசு செய்கையில் நாம் செய்ய என்ன இருக்கிறது என்று நண்பர் சிலர் கேட்கிறார்கள். அரிசி வந்துவிடும், ஆனால் காலை உப்புமாவில் உப்பு சரியாக இருக்கிறதா, கைகழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, மூன்று நாளாக வராத பிள்ளைக்குக் காய்ச்சலா, அல்லது தாயோடு செங்கற்சூளைக்குப் போய்விட்டதா என்று பார்க்கும் கண்கள் தலைநகரிலிருந்து வர இயலாது. அவை இந்தத் தெருவிலிருந்துதான் வரவேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்று சட்டம் விதித்திருப்பதன் கருத்தும் அதுவே.

இன்னொரு புறத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் சேவையைக் காரணங்காட்டி, ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைத்திருக்க யாருக்கும் இடங்கொடுக்கலாகாது. நடத்துநர் பெரியவர் கணக்கில் ருசியை உண்டாக்கலாம். ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்த எழுத்து இன்னும் பிடிபடவில்லை என்றறிந்து படிப்படியாக ஏற்றிச் செல்வது பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு உரிய வித்தை. பள்ளிக்கு ஆசிரியரைக் கேட்டு மனு எழுதுவதும் ஒரு தொண்டுதான். அந்த மனுவில் கையெழுத்திட நம்மில் எவரும் தயங்கக்கூடாது.

கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபர் 27ஆம் நாள் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில், மாதம் ரூ.1,000 என்ற சிறிய ஊக்கத்தொகைக்கு, மாலைதோறும் தம் வீட்டுத் திண்ணையையே பள்ளியாக்கிய தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் ஊரிலும் அப்படி ஒரு திண்ணை இருந்தது. அங்கே நடந்த காரியத்தின் சிறப்பு, அந்தப் பெண்மணி பெரும்படிப்புப் படித்தவர் என்பதில் இல்லை. மணி ஐந்தானால் அவர் அங்கே இருப்பார் என்று குழந்தைகள் நிச்சயமாக நம்பியதில் இருந்தது. ஒரு நாள் உற்சாகமாக வந்துவிட்டு மறுவாரம் வராமற்போகிறவரைக் குழந்தை மறப்பதில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகையால், இயன்ற அளவு குறைவாகவே வாக்களியுங்கள், அந்தக் குறைவைத் தவறாமற் கொடுங்கள் என்று மிகவும் தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கோடை விடுமுறை தொடங்கப்போகிறது. மே மாதத்தில் செய்யவேண்டிய வேலைகளைத் தலைமையாசிரியை அவர்கள் என்னிடம் சொன்னார்கள்: தண்ணீர்த் தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பது, கரும்பலகைகளுக்குக் கறுப்புப் பூசுவது, கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போடுவது, ஐந்து வயது நிரம்பிய குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு நேரில் சென்று சேர்க்கைக்கு அழைப்பது. மேடைக்கு இடப்புறம் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கிறது. கலை நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்புமுன், அதிலே உங்கள் பெயரையும், வரக்கூடிய கிழமையையும், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதையும் எழுதுங்கள்; எழுதத் தெரியாத பெரியவர்கள் சொன்னால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். அடுத்த ஆண்டு விழாவில், நன்கொடையாளர் பட்டியலுக்கு முன்னதாக அந்த நோட்டுப் புத்தகத்தை இம்மேடையிலே வாசிக்கத் தலைமையாசிரியை அவர்கள் இசைந்திருக்கிறார்கள்.