கையில் சுற்றும் பட்டை

அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளி, ஆவடிப் பாட்டி, பூந்தமல்லிக் கடைக்காரர்: யாருக்கும் ரத்த அழுத்தம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அளந்தால்தான் தெரியும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் பி.பி. கருவியோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். பெரிய காரியம் இது!

ஆனால் கையில் சுற்றும் பட்டையும் பொருந்த வேண்டும். 2023-இல் வெளியான அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது, மேல் அளவு சுமார் 20 புள்ளி கூடுதலாகக் காட்டியது. அதாவது 125 இருப்பவருக்கு 145, தேவையில்லாத மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் பல அளவுப் பட்டைகள் இருப்பது ஆடம்பரமே அல்ல. கருவியை அவ்வப்போது சரிபார்ப்பதும் அப்படித்தான்.

அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும்; கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும்.