கண்ணாடிப் பாத்திரமும் மைக்ரோவேவ் அடுப்பும்



பெற்றோர் வேலை முடிந்து வருமுன்பே பள்ளி விட்டு வந்து, சோற்றையும் குழம்பையும் தாமே சூடாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் நம் ஜித்ரா வட்டாரத் தோட்டங்களில் இருக்கிறார்கள். விறகடுப்பு இருந்த குசினியில் இன்று மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. அதனுள் கண்ணாடிப் பாத்திரத்தை வைக்கலாமா என்று தாய்மார்கள் நம்மைக் கேட்பதுண்டு. வைக்கலாம், ஆனால் எல்லாக் கண்ணாடியையும் அல்ல.

இந்த அடுப்பில் தீ கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அலைகள் உணவிலுள்ள நீர்த் துகள்களை அசைத்துச் சூடேற்றுகின்றன. சன்னல் கண்ணாடி வழியே வெயில் நுழைவதுபோல, இவ்வலைகள் கண்ணாடியை ஊடுருவிச் செல்லும். பாத்திரம் சுடுவது பெரும்பாலும் உள்ளிருக்கும் உணவின் சூட்டால்தான்.

பின் ஏன் உடைகிறது? சூடு பட்டால் கண்ணாடி விரியும். ஒரு பக்கம் விரிய, மறுபக்கம் குளிர்ந்து அப்படியே நின்றால், இரண்டுக்கும் இழுபறி. கண்ணாடிக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. ஊறுகாய்ப் போத்தல், காப்பித்தூள் போத்தல், தண்ணீர் குடிக்கும் கிளாஸ் எல்லாம் சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. போரோசிலிக்கேட் என்னும் கண்ணாடியோ அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் விரியும்.

இது சமையலுக்கு வந்தது ஒரு பெண்மணியால். 1913-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் வேலை செய்த லிட்டில்டன் என்பவர், மின்கலக் கண்ணாடி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுக் கொடுத்தார். 1915-ல் பைரெக்ஸ் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. அந்தப் பெயரை மட்டும் பார்த்து இன்று வாங்கிவிட முடியாது. அமெரிக்காவில் இப்போது அப்பெயரில் செய்யப்படும் சமையல் பாத்திரங்கள் பதப்படுத்திய சோடா சுண்ணாம்புக் கண்ணாடியே. பாத்திரத்தின் அடியில் அலைக்கோடுகள் போட்ட குறி உண்டா, 'கெத்துஹார் கெலொம்பாங் மிக்ரோ' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

குறி அழிந்துபோன பழைய பாத்திரமா? வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பாத்திரம் குளிர்ந்தே இருந்தால் அது அலைகளை உறிஞ்சவில்லை. சுட்டால் அது ஆகாது. ஆனால் இச்சோதனையில் தேறிய பாத்திரமும், ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அடுப்பில் வைத்தால் உடையலாம். குளிர் தணியும்வரை வெளியே வையுங்கள். சூடான பாத்திரத்தை ஈரச் சிமெண்டிலோ குழாயடியிலோ வைக்காமல், காய்ந்த துணிமேல் வையுங்கள். கீறல், விளிம்பு உடைசல் உள்ளவற்றை ஒதுக்கிவிடுங்கள். தங்கக் கரை போட்ட அழகுக் கிண்ணம் கண்ணாடியே ஆனாலும், அந்தக் கரை உலோகம், பொறி பறக்கும். எண்ணெய் மிதக்கும் குழம்பு, தண்ணீரைக் காட்டிலும் அதிகச் சூடேறும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

வெறும் தண்ணீரைக் காய்ச்சும்போது மட்டும் வேறோர் ஆபத்து உண்டு. வழவழப்பான கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் அசையாது நிற்கும். காப்பித்தூளைப் போட்டதும் பொங்கி முகத்தில் தெறிக்கும். உள்ளே ஒரு மரக்கரண்டியை நிறுத்திக் காய்ச்சுங்கள்; அடுப்பு நின்றபின் அரை நிமிடம் கழித்துக் கதவைத் திறக்கலாம்.